இலண்டன் வீட்டில் அப்பா பெயர்

சிங்கப்பூரில் மேக்ஸ்வெல் உணவு அங்காடிக்கு அருகே கடையநல்லூர் தெரு என்றே ஒரு தெரு உண்டு. கடல் கடந்து சம்பாதித்து, ஊரில் வீடும் கடையும் வாங்குவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஊர்ப் பணத்தை அங்கே அனுப்பி வீடு வாங்குவது வேறு கணக்கு.

அண்மையில் நம் உறுப்பினரான ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் வந்தார். மகன் இலண்டனில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறதாம். 4 லட்சம் பவுண்டுக்கு ஒரு அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறான். கருப்பாநதிப் பாசன நஞ்சையை விற்று அனுப்பத் தகப்பனார் தயார்.

"அண்ணாச்சி, பணம் போடுறவன் பேரு பத்திரத்துல இருக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

நம் ஊருக்கு நியாயமான கேள்விதான். அங்கே அதற்கு விலை உண்டு. அங்கேயே வசிக்கும் மகன், தன் முதல் வீட்டைத் தன் பெயரில் மட்டும் வாங்கினால் முத்திரைத் தீர்வை 5,000 பவுண்டு. தகப்பனார் பெயரும் சேர்ந்தால் முதல் வீட்டுச் சலுகை போய்விடும். தீர்வை 10,000 ஆகும். வெளிநாட்டில் வசிப்பவர் என்பதற்கு 2 சதவீதம் கூடுதல்; இது 2021 ஏப்ரல் முதல். ஏற்கெனவே வீடு உள்ளவர் என்பதற்கு, 2024 அக்டோபர் 31 முதல், 5 சதவீதம். கடையநல்லூர் வீடும் இதில் சேர்த்தி! ஆக மொத்தம் 38,000 பவுண்டு. பூர்வீக வீட்டில் மகனுக்குப் பங்கு வந்திருந்தால் அவனுக்கும் முதல் வீட்டுச் சலுகை கிடையாது.

பணத்தை அன்பளிப்பாக அனுப்ப ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. ஒருவர் நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆனால், "இது கடனல்ல, வீட்டில் எனக்கு உரிமையில்லை" என்று தகப்பனார் எழுதித் தர வேண்டும் என அங்கே கடன் கொடுக்கும் வங்கி கேட்கும். எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

இன்னொன்று. இலண்டன் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் குத்தகை உரிமை. சிங்கப்பூரின் 99 ஆண்டு வீடுகளை அறிந்த நமக்கு இது விளங்கும். எத்தனை ஆண்டு பாக்கி, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. ஆண்டுகள் குறைந்த வீட்டுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும், விற்பதும் கடினம்.

வாடகைக்கே இருந்தாலும் குடி முழுகிவிடாது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீட்டுக்கு 5 வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாதென்று 2019 முதல் அங்கே சட்டம். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் பெருமூச்சு விடலாம்.

எல்லாவற்றையும் கேட்டவர், நஞ்சை விற்பனை பற்றி மறுபடி பேசவில்லை. தென்காசியில் கட்டிக் கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். நஞ்சையில் அவளுக்கும் பங்கு இருக்கிறதல்லவா?