தனித்து நடக்கத் துணை நிற்றல்

பிடோக் வட்டாரத்தின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. முதல் மாடி, ஐந்தாம் மாடி, ஒன்பதாம் மாடி என்று சில தளங்களில் மட்டுமே நிற்கும். ஏழாம் மாடிக்காரர் ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி கீழே நடப்பார். கால் வலுவுள்ளவருக்கு அது சின்னத் தொல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ அது வீட்டுக்காவல். கடைக்குப் போவதற்குக்கூட அவரைத் தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும். அப்படியானால் அவரை முடக்கியது அவருடைய கால்களா, அல்லது கட்டடமா?

இந்தக் கேள்வியைச் சிங்கப்பூரில் உரக்கக் கேட்ட முன்னோடிகளுள் ஒருவர் ரான் சந்திரன்-டட்லி. 1934இல் பிறந்த இவர், இளம் வயதிலேயே விளையாட்டில் ஏற்பட்ட காயத்தால் பார்வையை இழந்தார். லண்டனில் உயர்கல்வி கற்றுத் திரும்பியபின் பார்வையற்றோருக்கான மறுவாழ்வுப் பணியில் ஈடுபட்டார். 2015 டிசம்பரில் மறையும்வரை அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் இந்தத் துறையிலேயே கழிந்தது.

மறுவாழ்வுப் பணி என்றால் என்ன? பார்வையற்றவரை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் வெள்ளைக் கோலைப் பயன்படுத்தக் கற்கிறார். வலக்கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தட்டும். இடக்கால் போகும்போது வலப்பக்கம் தட்டும். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே சோதித்துச் சொல்லிவிடுகிறது. பிறகு பிரெய்ல் எழுத்து, சமையல், பணத்தைப் பிரித்தறிதல், பேருந்துப் பயணம் என்று பயிற்சி தொடரும். கற்றுக்கொடுப்பவர் ஒவ்வொரு நாளும் ஓரடி பின்னே தள்ளி நிற்பார். ஒருநாள் அவர் தேவையே இல்லாமல் போகும். அன்றுதான் அவருடைய வேலை வெற்றி பெறுகிறது.

ஆனால் ஒருவர் எவ்வளவு பயிற்சி பெற்றாலும் படிக்கட்டு படிக்கட்டாகவே இருக்கும். ஆகவே அடுத்த கட்டம் தன்னுரிமை. 1980இல் கனடாவின் வின்னிப்பெக் நகரில் உலக மறுவாழ்வு மாநாடு நடந்தது. பேராளர்களில் சரிபாதியினர் உடற்குறையுள்ளோராக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கே ஏற்கப்படவில்லை. யாருடைய வாழ்வைப் பற்றிப் பேசினார்களோ, அவர்களுக்கே போதிய இடமில்லை! அங்கு வந்திருந்த உடற்குறையுள்ளோர் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்க முடிவு செய்தனர். 1981இன் இறுதியில் அதன் முதல் உலக மாநாடு நம் சிங்கப்பூரில் கூடியது. 50க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பேராளர்கள் வந்தனர். 'டிசேபிள்ட் பீப்பிள்ஸ் இன்டர்நேஷனல்' என்ற அந்த அமைப்பின் முதல் தலைவர் ரான் சந்திரன்-டட்லி. 1986இல் இங்கே உடற்குறையுள்ளோர் சங்கம் உருவானதிலும் அவர் முன்னின்றார்.

பெருவிரைவு ரயில் 1987இல் ஓடத் தொடங்கியபோது நிலையங்கள் சக்கர நாற்காலியைக் கருத்தில் கொண்டு அமைக்கப்படவில்லை. 1989இல் திறக்கப்பட்ட பிடோக் நிலையமும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. அவரும் சங்கத்தினரும் மாற்றம் கேட்டு விடாது குரல் கொடுத்தனர். 1990இல் கட்டடங்களுக்கான தடையற்ற அணுகல் விதிமுறை வந்தது. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஒரு புளோக்கில் 75 விழுக்காட்டினர் வாக்களித்தால்தான் பணி நடக்கும். தம் மாடியில் மின்தூக்கி ஏற்கெனவே நிற்கும் வீட்டுக்காரரும் அண்டை வீட்டாருக்காக ஆதரவளிக்க வேண்டியிருந்தது. 2003இல் வடகிழக்கு ரயில்பாதை தொடக்கத்திலிருந்தே மின்தூக்கிகளுடன் இயங்கியது. 2006க்குள் பழைய நிலையங்களிலும் அவ்வசதி வந்தது. 2020 டிசம்பர் முதல் எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலி ஏறலாம். ஒரு மனிதரின் ஆயுளை இந்த ஆண்டுகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் பொறுமையின் பொருள் விளங்கும்.

1981க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஐக்கிய நாட்டு நிறுவனம் அதை அனைத்துலக உடற்குறையுள்ளோர் ஆண்டாக அறிவித்திருந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டின் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொறியியல் மாணவராக இருந்த அவர், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாகச் சங்கத்துக்குப் பெயரிட்டார். சில பிள்ளைகளுடன் தொடங்கிய பணி, சிகிச்சை, பள்ளி, தொழிற்பயிற்சி என்று சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் விரிந்தது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கையை அசைக்க முடியாத ஒருவர் ஒரு பெரிய நிறுவனத்தை நடத்துகிறார் என்றால், சுயசார்பு என்பதற்கு நாம் வைத்திருக்கும் பொருளையே மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது அதன் பொருளன்று. என்ன உண்பது, எங்கே போவது, யாருடன் வாழ்வது, என்ன வேலை பார்ப்பது என்பதைத் தானே தீர்மானிப்பதுதான் சுயசார்பு. செய்யும் கை பிறருடையதாக இருக்கலாம். முடிவு அவருடையதாக இருக்க வேண்டும்.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது நன்னெறிக் கல்விப் பாடத்தில், பார்வையற்றவரின் கையைப் பிடித்து ஒரு மாணவன் சாலையைக் கடக்க வைக்கும் படத்தைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனம்தான். ஆனால் சரியான முறை வேறு. முதலில் "உதவி வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். வேண்டும் என்றால் நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நாம் அரையடி முன்னே நடக்க, நம் உடலின் அசைவிலிருந்தே படியையும் திருப்பத்தையும் அவர் அறிந்துகொள்வார். கையைப் பற்றி இழுத்தால் அவர் இழுபடும் பொருளாகிவிடுகிறார். பிடோக் பேருந்து நிலையத் தரையில் புடைத்திருக்கும் கோடுகளும் அவ்வாறே பேசுகின்றன: நீண்ட கோடு 'நட' என்கிறது, புள்ளிகள் 'நில், கவனி' என்கின்றன. அவற்றின்மேல் பைகளை வைத்துவிட்டு நாம் கைப்பேசியில் மூழ்கினால், ஒருவருடைய சாலையை அடைத்துவிட்டோம் என்று பொருள்.

நண்பர்களே, பல்கலைக்கழகத்தில் நம்மில் பலர் தொண்டூழியம் செய்கிறோம். எத்தனை மணி நேரம் செய்தோம் என்று கணக்கெழுதுகிறோம். அந்தக் கணக்கு நம்மைப் பற்றியது. அதன் பக்கத்தில் இன்னொரு வரியையும் எழுதிப் பார்க்கலாம்: நேற்றுவரை நம்மை எதிர்பார்த்திருந்தவர் இன்று எதை நம்மைக் கேட்காமலே செய்தார்? அந்த வரி ஆண்டு முழுவதும் வெறுமையாக இருந்தால், நாம் உதவும் முறையைப் பற்றி அவரிடமே கேட்பது நல்லது.