இறுதித் தீர்ப்பும் மீளாய்வும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கேயுள்ள சிலாபத்துறை, அரிப்பு ஆகிய கரைகளில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே முத்துக்குளிப்பு நடைபெற்றபோது, சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விடப்பட்டன. வாங்கியவனுக்கு முத்துக் கிடைக்கலாம்; வெறுஞ் சிப்பியே எஞ்சவும் கூடும். எதுவாயினும் ஏலம் முடிந்தது முடிந்ததே. வாணிகத்துக்கு இந்த உறுதி பொருந்தும். ஒரு மனிதனின் விடுதலையைத் தீர்மானிக்கும் தீர்ப்புக்கும் இது பொருந்துமா? நாட்டின் தலையாய நீதிமன்றமே ஒரு குற்ற வழக்கில் பிழைபட்டால், அதனைத் திருத்துவார் யார்?

மன்னார் மேல் நீதிமன்றத்தில் ஒருவன் பெருங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டான் எனக் கொள்வோம். அவன் 14 நாட்களுக்குள் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முறையிடலாம். அங்கும் பயன் கிட்டாவிடின், 6 வாரங்களுக்குள் உயர் நீதிமன்றத்திடம் விசேட அனுமதி வேண்டலாம். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்பது மாநில மன்றம். இலங்கையிலோ அதுவே நாட்டின் தலையாய மன்றம். முன்னாளில் இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் செல்லும் வழியும் இருந்தது. 1971இல் அவ்வழி அடைபட்டது. உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு எல்லா வகையிலும் இறுதியானதும் முடிவானதும் ஆகும் என்று 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கூறுகின்றது.

இந்த இறுதிநிலைக்குத் தக்க காரணம் உண்டு. தோற்றவன் எல்லாம் மீண்டும் மீண்டும் வழக்காட இயலுமாயின், எந்த வழக்கும் முடிவுறாது. தீர்ப்பை நம்பி எவரும் வாழ்வை அமைத்துக்கொள்ள முடியாது. ஆயினும் நீதிமன்றம் தன் கைகளை முற்றாகக் கட்டிக்கொள்ளவில்லை. சட்டத்தையோ முன்தீர்ப்பையோ கவனியாது அளித்த தீர்ப்பையும், தற்செயலாக நேர்ந்த வழுவையும் தன் இயல்பான அதிகாரத்தால் அது திருத்தலாம். ஆனால் வழக்கை முதலிலிருந்து மறுபடி கேட்கும் அதிகாரம் அதற்கு இல்லை. 1996ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளிவந்த ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளே வழக்கின் தீர்ப்பு, குற்ற வழக்கு அன்றாயினும், இந்த எல்லைக்கோட்டை விரிவாக வரைந்து காட்டிற்று.

அக்கோடு ஒரு மனிதனை எங்கே நிறுத்தும் என்பதற்குச் சிங்கராசா வழக்கே சான்று. 1993இல் கைது செய்யப்பட்ட இத்தமிழர்மீது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. முதன்மைச் சான்று அவரது குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அது சிங்களத்தில் எழுதப்பட்டது. அவரோ அம்மொழி அறியாதவர். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரே மொழிபெயர்ப்பாளராக இருந்தார். வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் சட்டம் அவர் தலைமேலேயே சுமத்திற்று. 1995இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 35 ஆண்டாகக் குறைத்தது. 2000இல் உயர் நீதிமன்றம் விசேட அனுமதியை மறுத்தது.

பின்னர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, நீதியான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என 2004இல் கண்டது. அதனை ஆதாரமாகக் கொண்டு மீளாய்வு கோரி அவர் மறுபடியும் உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2006 செப்டெம்பரில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் ஐந்து நீதியரசர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தனர். தன் முடிவைத் தானே மீளாயும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்றும், தனிமனிதர் அக்குழுவிடம் முறையிட வழிசெய்யும் உடன்பாட்டில் 1997இல் இலங்கை சேர்ந்தமை அரசியலமைப்புக்கு மாறானது என்றும் கூறினர்.

அண்டை நாடான இந்தியாவில் கதவு சற்றே திறந்துள்ளது. அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு மீளாய்வு அதிகாரத்தை அரசியலமைப்பின் 137ஆம் உறுப்புரை அளிக்கின்றது. குற்ற வழக்குகளில் அது பெரும்பாலும் ஆவணத்தைப் பார்த்த அளவிலே புலப்படும் பிழைக்கே உரியது. மனுக்கள் வழக்கமாக வாய்வாதமின்றியே ஆராயப்படும். மரண தண்டனை வழக்குகளிலோ திறந்த மன்றில் வாதம் கேட்க வேண்டுமென 2014இல் விதிக்கப்பட்டது. இதன் பயன் சிறிதன்று. 2009இல் அந்நீதிமன்றம் மகாராட்டிர மாநில வழக்கொன்றில் அறுவருக்கும் மரண தண்டனையே உரியது எனத் தீர்த்தது. 2018இல் அதே மன்றம் தன் தீர்ப்பை மீளப் பெற்றது. 2019இல் அறுவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். கதவு பூட்டியே இருந்திருப்பின் அவர்தம் உயிர் என்னவாகியிருக்கும்!

இலங்கையில் எஞ்சியுள்ள வழி, சனாதிபதி அளிக்கும் மன்னிப்பாகும். மன்னிப்போ கருணை, அது தீர்ப்பின் பிழையைத் திருத்துவது அன்று. இங்கிலாந்தில் 1997 முதல் தனி ஆணைக்குழு ஒன்று ஐயத்துக்குரிய தண்டனைகளை ஆராய்ந்து மீண்டும் நீதிமன்றத்துக்கு அனுப்புகின்றது. இத்தகைய வழியைச் சட்டத்தால் வகுப்பது நாடாளுமன்றத்தின் கடமையாம்.

அதுவரையில் குடிமக்கள் உணர வேண்டியது ஒன்றுண்டு. கடைசிக் கதவு இறுகப் பூட்டப்படுவதால், முதற் கதவிலேயே விழிப்பு வேண்டும். அறியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் இடாதிருத்தல், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கேட்டல், சட்டத்தரணியின் துணையை முதல் நாளிலேயே நாடுதல், சாட்சிகளை முதல் விசாரணையிலேயே முன்னிறுத்தல் ஆகியவை சிறு காரியங்கள் அல்ல. முதல் மன்றில் சொல்லப்படாத உண்மையை இறுதி மன்றில் கேட்பார் அரியர்.