வலை பின்னாமலே வேட்டை... டார்ச் அடித்தால் கண் மின்னும் ஓநாய் சிலந்தி ஆபத்தானதா?

சிலந்தி என்றாலே நமக்கு வலைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பூச்சி வந்து சிக்கட்டும்னு வலை கட்டிக் காத்திருக்காமல், தரையில் ஓடிப் பிடிக்கிற சிலந்திகளும் இருக்கு. அதுதான் ஓநாய் சிலந்தி. இது கடித்தால் ஆபத்தா? நம்ம தட்டுச் சோற்றுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஏன் இந்தப் பெயர்?

கிரேக்க மொழியில் ஓநாய்க்கு ‘லைகோஸ்’ என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் ‘லைகோசிடே’ என்ற குடும்பப் பெயர். உலகம் முழுக்க 2,400-க்கும் மேற்பட்ட வகைகள் இதில் உண்டு. ஓநாய் கூட்டமாக வேட்டையாடும். ஆனால் இது தனி ஆள்!

எப்படி வேட்டையாடும்?

மொத்தம் 8 கண்கள், 3 வரிசை. கீழே 4 சின்னக் கண்கள், நடுவில் 2 பெரிய கண்கள், மேலே 2. கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், பூனைக்கண் மாதிரி இருட்டில் மின்னும். ராத்திரி புல்தரையில் செல்போன் டார்ச்சை உங்க கண்ணுக்குப் பக்கத்திலேயே பிடித்து அடித்துப் பாருங்க. பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தால், இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கால்களில் இருக்கும் மெல்லிய முடிகளால் தரை அதிர்வை உணரும். அசையாமல் பதுங்கி, இரை பக்கத்தில் வந்ததும் பாயும். காலால் அமுக்கிக் கடித்து, விஷத்தால் செயலிழக்க வைத்து, உடலைக் கரைத்து உறிஞ்சிவிடும்.

விதிவிலக்கும் உண்டு. ‘ஹிப்பாசா’ என்ற வகை புல்லிலும் வரப்பிலும் புனல் மாதிரி வலை கட்டும். மார்கழிப் பனியில் புல்மேல் வெள்ளையாகத் தெரிவது பல நேரம் இதுதான்.

வீட்டுச் சுவரில் இருப்பதும் இதுதானா?

கோபாலபுரம் மாதிரி கட்டடங்கள் நெருக்கமாக இருக்கும் ஏரியாக்களில், பாத்ரூம் சுவரில் கை அகலத்துக்குத் தட்டையாக ஒட்டியிருக்கும் எட்டுக்கால் பூச்சி பெரும்பாலும் வேறு ரகம். அது ‘ஹண்ட்ஸ்மேன்’ சிலந்தி. கரப்பான் பூச்சிதான் அதன் சாப்பாடு. ஓநாய் சிலந்திக்குப் பிடித்தது சுவர் இல்லை, தரை. புல், காய்ந்த இலைக் குவியல், மண் வளை, வயல் வரப்பு, இதெல்லாம்தான் அதன் இடம்.

அடையாளம் சிம்பிள். ஹண்ட்ஸ்மேன், முட்டைப் பையை உடம்புக்கு அடியில் பிடித்திருக்கும். ஓநாய் சிலந்தியோ உருண்டையான பையைப் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே ஓடும். குஞ்சுகள் பொரிந்ததும் அத்தனையும் அம்மா முதுகில்தான் சவாரி.

கடித்தால் என்ன ஆகும்?

தானாக வந்து கடிக்காது. கையால் நசுக்கினால் கடிக்கலாம். வலி, சிவப்பு, லேசான வீக்கம் வரும். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் போதும். வீக்கம் பரவினாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நம்ம சோற்றுக்கு என்ன சம்பந்தம்?

நெல் வயலில் ஒரு ஓநாய் சிலந்தி தினமும் 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடித்துத் தின்னும். நடவு முடிந்த கொஞ்ச நாளிலேயே வயலுக்குள் வந்துவிடும். தண்ணீர் மேலேயும் ஓடும். பயிரைத் தீய்ந்தது போல ஆக்கும் ‘புகையான்’ இதன் முக்கிய இரை.

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு 1 புகையான் இருந்தாலே நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு 2 வரும்வரை பொறுக்கலாம். அதாவது, ஒரு சிலந்தி இருந்தால் வரம்பே இரண்டு மடங்கு!

அவசரப்பட்டு மருந்து அடித்தால் என்ன நடக்கும்? புகையான் முட்டை தண்டைச் சுற்றியிருக்கும் இலை உறைக்குள் பத்திரமாக இருக்கும். வெளியே ஓடும் சிலந்திதான் செத்துப்போகும். முட்டை பொரியும்போது பிடிக்க ஆளே இருக்காது. இப்படித்தான் இந்தோனேசியாவில் புகையான் பெருகி, 1986-ல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது.

அதனால் வரப்பிலோ தோட்டத்திலோ இதைப் பார்த்தால் செருப்பையும் ஸ்ப்ரேயையும் தேடாதீங்க. வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளியே செடியோரம் விட்டுவிடுங்க. அதன் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.