எந்த எரிபொருள் சிறந்தது? எக்செல்லில் ஒரு ராக்கெட் கணக்கு

எக்செல் என்றால் மளிகைக் கணக்கு போட மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? ராக்கெட் எரிபொருளையே அதில் எடை போட்டுப் பார்க்கலாம்.

ஆலங்குளம் வட்டாரத்துக்கு இது தூரத்து விஷயமல்ல. தெற்கே பணகுடி பக்கம், மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. விகாஸ், கிரையோஜெனிக் இன்ஜின்கள் சோதிக்கப்படுவது அங்கேதான். 2025 மார்ச் 28 அன்று, சுத்திகரித்த மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் கொண்டு இயங்கும் செமி கிரையோஜெனிக் இன்ஜினின் முக்கியப் பகுதியை அங்கே 2.5 விநாடி எரித்துப் பார்த்தார்கள். விகாஸ் இருக்க, புதிதாக இன்னொன்று எதற்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் கணக்கு: வேகம்

பைக்குக்கு மைலேஜ் போல ராக்கெட்டுக்கு 'ஸ்பெசிபிக் இம்பல்ஸ்'. இதை விநாடியில் சொல்வார்கள். எக்செல்லில் ஏ2 முதல் ஏ5 வரை விகாஸ், மண்ணெண்ணெய், ஹைட்ரஜன், லித்தியம் என்று டைப் செய்யுங்கள். எதிரே பி காலத்தில் 293, 335, 442, 542 என்று கொடுங்கள் (வெற்றிடத்தில் தோராய மதிப்புகள்). சி2 செல்லில் இந்த பார்முலாவை ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்:

=பி2*9.81*எல்என்(4)

எரிபொருள் நிரப்பிய ராக்கெட், தீர்ந்த பிறகு உள்ளதைப்போல் 4 மடங்கு எடை என்பதே இந்த 4. என்டர் தட்டியபின் சி2 செல்லின் வலது கீழ் மூலைச் சதுரத்தை மவுசால் பிடித்துக் கீழே இழுங்கள். விநாடிக்கு சுமார் 3985, 4556, 6011, 7371 மீட்டர் என்று வேகம் கிடைக்கும்.

அப்படியானால் லித்தியம்தானே முதலிடம்? 1960களில் அமெரிக்காவின் ராக்கெட்டைன் நிறுவனம் லித்தியம், புளூரின், ஹைட்ரஜன் மூன்றையும் சேர்த்து எரித்து 542 விநாடியை எட்டியது உண்மை. ஆனால் லித்தியத்தை 180 டிகிரிக்கு மேல் உருக்கி வைக்க வேண்டும்; ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டும். புளூரினோ கொடிய விஷம். அதனால் அது விண்வெளிக்குப் போகவே இல்லை.

இரண்டாவது கணக்கு: இடம்

ஒரு கன மீட்டரில் மண்ணெண்ணெய் சுமார் 810 கிலோ பிடிக்கும். திரவ ஹைட்ரஜன் 71 கிலோதான். டி3 செல்லில் =1000/810 என்றும், டி4 செல்லில் =1000/71 என்றும் கொடுங்கள். ஒரு டன்னுக்கு முறையே 1.2, 14 கன மீட்டர் இடம் வேண்டும். டேங்க் பெருத்தால் ராக்கெட்டின் எடையும் கூடும். எனவே ஹைட்ரஜன் மேல் அடுக்குக்குப் பொருத்தம்; தரையிலிருந்து தூக்கும் கீழ் அடுக்குக்கு மண்ணெண்ணெய் வசதி.

கணக்கில் வராதது

விகாஸ் எரிப்பது ஹைட்ரசின் வகை எரிபொருள். அறை வெப்பத்திலேயே சேமிக்கலாம், பற்றவைக்கத் தனி ஏற்பாடு வேண்டாம். ஆனால் நச்சு, அதை நிரப்பும் ஊழியர்கள் உடல் முழுதும் மூடிய பாதுகாப்பு உடை அணிய வேண்டும். நச்சு குறைந்த மாற்றைத் தேடி 2019ல் நாசா ஒரு சிறு செயற்கைக்கோளில் புதிய 'பசுமை' எரிபொருளைச் சோதித்தது. மகேந்திரகிரியில் மண்ணெண்ணெயை எரித்துப் பார்ப்பதற்கும் இது ஒரு காரணம்.

பைலை சேவ் செய்துகொள்ளுங்கள். பிறகு 4க்குப் பதில் 6 கொடுத்து, வேகம் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள்.