புதுக்கோட்டை சைக்கிள்களும் ஒரு கட்டுரையும்

ஆலங்குடியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கடைத்தெருப் பக்கம் நின்றால், பெண் பிள்ளைகள் சைக்கிளில் சாரை சாரையாகப் போவதைப் பார்க்கலாம். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முப்பது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நிலைமை அப்படி இல்லை. இதே புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பெண் சைக்கிளில் ஏறினால், வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். வாய் கூசாமல் ஏசியவர்களும் உண்டு.

இதை மாற்றியது 1991-இல் இங்கே நடந்த அறிவொளி இயக்கம். அது படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிற இயக்கம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்த பலர் அதில் வேலை செய்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சாயங்காலம் பக்கத்து ஊருக்குப் போய்ப் பாடம் சொல்லித்தர வேண்டிய பெண் தொண்டர், பஸ்ஸுக்காகவோ, கொண்டுபோய் விடும் அண்ணனுக்காகவோ காத்திருந்தால் வகுப்பு எப்படி நடக்கும்? அதனால் ஆட்சியர் சைக்கிள் ஓட்டுவதையும் இயக்கத்தின் பாடமாகவே சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளை வற்புறுத்தினார். பாட்டுக் கட்டினார்கள், வீதி நாடகம் போட்டார்கள், சைக்கிள் போட்டி நடத்தினார்கள். உங்கள் அம்மாச்சியோ அப்பத்தாவோ அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்திருக்கலாம்.

இந்தச் செய்தியைப் புதுக்கோட்டைக்கு வெளியே கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். அவர் எழுதிய கட்டுரை, வறட்சியையும் வறுமையையும் பற்றிய அவருடைய ஆங்கிலப் புத்தகத்தில் 1996-இல் வந்தது. அதன் இந்தி வடிவம் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப்புத்தகத்திலும் இடம்பெற்றது. புதுக்கோட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத பிள்ளைகள் அதைப் படித்து நம்பினார்கள், சந்தோஷப்பட்டார்கள். வெறும் கறுப்பு எழுத்து எப்படி அதைச் செய்கிறது? இன்றைக்கு அந்த இயந்திரத்தைத் திறந்து உள்ளே பார்ப்போம்.

சுமார் 2,300 வருஷத்துக்கு முன்பே கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் இதைப் பற்றி யோசித்து எழுதியிருக்கிறார். ஒருவருடைய பேச்சு நம்மை மூன்று வழியாக இழுக்கிறது என்றார் அவர். ஒன்று, பேசுகிறவர்மேல் நமக்கு வரும் நம்பிக்கை. இன்னொன்று, அவர் நம் மனசில் கிளப்பும் உணர்ச்சி. மூன்றாவது, அவர் காட்டும் கணக்கும் காரணமும். அவர் யோசித்துச் சொன்னதை இருபதாம் நூற்றாண்டில் உளவியல் அறிஞர்கள் சோதனை வைத்தே பார்த்துவிட்டார்கள்.

முதலில் நம்பிக்கை. 1951-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஹோவ்லண்ட், வால்ட்டர் வைஸ் இருவரும் மாணவர்களுக்கு ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்ட முடியுமா என்பது விஷயம். பாதிப் பேரிடம் இதை எழுதியவர் அணு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் என்றார்கள். மீதிப் பேரிடம் சோவியத் ரஷ்யாவின் பிராவ்தா பத்திரிகையில் வந்தது என்றார்கள். ஒரு வரிகூட மாறவில்லை. ஆனாலும் விஞ்ஞானி எழுதியது என்று நினைத்தவர்களே அதிகம் பேர் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். இதைவிட ஆச்சரியம், நாலு வாரம் கழித்து மறுபடி கேட்டபோது அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துபோயிருந்தது. சொன்ன சேதி மண்டையில் தங்கிவிட்டது, சொன்னது யார் என்பது நழுவிவிட்டது! "எங்கேயோ படிச்சேன்" என்று யாராவது ஆரம்பித்தால் "எங்கே?" என்று கேட்க வேண்டியதன் காரணம் இதுதான்.

சாய்நாத் தன்மேல் நம்பிக்கை வரும்படி எப்படி எழுதுகிறார்? தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறார் என்பது, அவர் சந்தித்த ஆட்கள் வழியாகத் தானாகவே நமக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொன்றும் செய்கிறார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சைக்கிள் கடைக்காரர், லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே வருஷத்தில் 350 சதவீதத்துக்கும் மேல் கூடியது என்று அவரிடம் சொல்கிறார். சாய்நாத் அந்த எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், கடைக்காரர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார், என்னை விற்பனை வரி அதிகாரியோ என்று சந்தேகப்பட்டிருக்கலாம், அதனால் உண்மையான எண் இன்னும் கூடுதலாக இருக்கலாம் என்கிறார். லேடீஸ் சைக்கிள் வரும்வரை பொறுக்க முடியாமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கிவிட்ட பெண்களும் உண்டு, அவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்றும் சேர்க்கிறார். ஓர் எண் எங்கிருந்து வந்தது, அதில் எங்கே ஓட்டை இருக்கலாம் என்று எழுதுகிறவரே எடுத்துச் சொன்னால், நமக்கு அவர்மேல் நம்பிக்கை கூடுகிறது. ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் எழுதுவதும் இப்படித்தான்.

நாமும் அந்த எண்ணைக் கொஞ்சம் சோதிப்போம். 350 சதவீதம் கூடியது என்றால் மூன்றரை மடங்கு ஆனது என்று பலர் நினைத்துவிடுவார்கள். அப்படி இல்லை. முன்பு 100 விற்றது என்றால், அதற்கு மேல் 350 கூடி 450 ஆனது. அதாவது நாலரை மடங்கு. இன்னொன்றும் கேட்க வேண்டும். இது ஒரு கடைக்காரர் சொன்ன எண். அதை வைத்து மாவட்டம் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மாவட்டக் கணக்கையும் அவர் தருகிறார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளை விட்டுவிட்டால், கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவருக்கும் மேல். மாவட்ட மக்கள்தொகை அப்போது 13 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 13 லட்சத்தில் பாதி பெண்கள், ஆறரை லட்சம். கிராமத்தில் இருப்பவர்கள் நூற்றுக்கு 85 பேர் என்று வைத்துக்கொண்டால், சுமார் ஐந்தரை லட்சம். அதில் நாலில் ஒரு பங்கு பத்து வயதுக்குக் கீழே என்று கழித்தால், மிச்சம் 4 லட்சத்துச் சொச்சம். அதை நாலால் வகுத்தால் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்! பொருந்துகிறது. நாம் வைத்துக்கொண்ட 85-ம் நாலில் ஒன்றும் ஊகம்தான். அவற்றைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் விடை ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கும், போட்டுப் பாருங்கள்.

ஆனால் பொருந்துகிறது என்பதும் நிரூபணமாகிவிட்டது என்பதும் வேறு வேறு. ஒரு லட்சம் பேரை யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்பது தனிக் கேள்வி. பழகியவர்களில் எத்தனை பேர் அடுத்த வருஷமும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. நல்ல எழுத்தாளரை மதிக்கிற வாசகர் இவற்றைக் கேட்டே ஆக வேண்டும்.

இனி உணர்ச்சி. அந்தக் கட்டுரையில் ஒரு பள்ளி ஆசிரியை வருகிறார். சைக்கிள் ஓட்டுவதில் அவருக்கு அவ்வளவு ஆசை. சொந்தமாக வாங்கக் காசு இல்லை. அப்போது ஒரு சைக்கிள் 1,200 ரூபாய்க்கு மேல். அதனால் தினமும் சாயங்காலம் அரை மணி நேரத்துக்கு வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டுகிறார். எங்கே போக? எங்கேயும் இல்லை, ஓட்டுவதற்காகவே ஓட்டுகிறார். ஒரு லட்சம் பேர் என்று படித்தபோது மனசில் எந்தப் படமும் வரவில்லை. இந்த ஒருவரைப் படித்ததும் மணிச்சத்தம்கூடக் கேட்கிறது, இல்லையா?

இதையும் சோதித்திருக்கிறார்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆட்களிடம் ஒரு சின்ன வேலை வாங்கிக்கொண்டு கையில் 5 டாலர் கொடுத்தார்கள். பிறகு ஆப்பிரிக்காவில் பசியால் வாடுகிறவர்களுக்கு உதவும்படி ஒரு கடிதம். சிலருக்கு வந்த கடிதத்தில் லட்சக்கணக்கில் எண்கள் மட்டும். சிலருக்கு மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதை மட்டும். எண்களைப் படித்தவர்கள் சராசரியாக 1 டாலர் 14 சென்ட் கொடுத்தார்கள். ரோக்கியாவைப் படித்தவர்கள் 2 டாலர் 38 சென்ட் கொடுத்தார்கள். கதையையும் எண்களையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கூடும் என்றுதானே நினைப்போம்? குறைந்து 1 டாலர் 43 சென்ட்டுக்கு வந்துவிட்டது. கணக்குப் பார்க்கத் தொடங்கிய மனசு, அந்தச் சிறுமியின் முகத்திலிருந்து கொஞ்சம் விலகிவிடுகிறது போலும்.

இது நம் மூளையின் சுபாவம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள் இல்லை. செல்போனில் வருகிற பொய்ச் சேதிகளைக் கவனியுங்கள். அழுகிற ஒரு குழந்தையின் படம் இருக்கும், ஊர் இருக்காது, தேதி இருக்காது, சொன்னவர் பெயர் இருக்காது. உணர்ச்சி மட்டும் முழுசாக இருந்து மற்ற இரண்டும் காணாமல் போயிருந்தால், அங்கே நின்று யோசிக்க வேண்டும். சாய்நாத் கட்டுரையில் ஆசிரியைக்குப் பின்னால் ஒரு லட்சம் பேரின் கணக்கு நிற்கிறது, கணக்குக்குப் பின்னால் ஆசிரியை நிற்கிறார். ஒன்றை ஒன்று சரிபார்க்க முடிகிறது. அதனால்தான் அதை நான் நேர்மையான எழுத்து என்கிறேன்.

காரணம் சொல்வதிலும் அவர் அவசரப்படவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்குப் போவதற்கே அப்பாவையோ கணவரையோ எதிர்பார்த்த பெண்கள், சைக்கிள் வந்ததும் விளைபொருளைத் தாங்களே எடுத்துக்கொண்டு நாலு ஊர் போய் விற்கிறார்கள். மிச்சமான நேரத்தில் வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்கிறார்கள், பிள்ளையைப் பார்க்கிறார்கள். வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே விளங்கும். பறித்த பூ பஸ்ஸுக்காகக் காத்திருக்குமா? இத்தனையும் சொன்ன பிறகு, காசு லாபத்தை மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது, அந்தப் பெண்களுக்கு வந்த தன்மானமே பெரிசு என்கிறார்.

சரி, சைக்கிள்தான் மாற்றத்துக்குக் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? அதே சமயத்தில் எழுத்தறிவும் வந்தது, சாலையும் வந்திருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்கும் வழியைப் பீகாரில் காட்டினார்கள். 2006-இல் அங்கே ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், பீகார்ப் பெண் பிள்ளைகளை அதே ஊர் ஆண் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். அது போதாது என்று, அந்தத் திட்டம் இல்லாத பக்கத்து ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டார்கள். பெண் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியிருந்தது. அதிலும் பள்ளி 3 கிலோமீட்டர், அதற்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் மாற்றம் அதிகம். சைக்கிள் காரணமாக இருந்தால் தூரத்து ஊர்களில்தானே அது தெரிய வேண்டும்? தெரிந்தது.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பள்ளி நூலகத்துக்குப் பழைய புத்தகம் கேட்டு இரண்டு விதமான துண்டுச் சீட்டு எழுதுங்கள். ஒன்றில் நூலகத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை புத்தகங்கள் என்ற எண்கள் மட்டும் இருக்கட்டும். இன்னொன்றில், தனக்குப் பிடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்ததால் கதை முடிவே தெரியாமல் போன ஒரு பிள்ளையின் கதை. கதை உங்கள் வகுப்பில் உண்மையாகவே நடந்ததாக இருக்க வேண்டும், பெயர் போட அந்தப் பிள்ளை சம்மதிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முப்பது சீட்டாவது தயார் செய்யுங்கள். எந்த வீட்டுக்கு எந்தச் சீட்டு என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கக் கூடாது, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்துக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து, எந்தச் சீட்டுக்கு எத்தனை புத்தகம் வந்தது என்று எண்ணுங்கள். எண்ணுகிறவருக்கு மட்டும், எந்தக் கட்டு எந்தச் சீட்டுக்கு வந்தது என்பதை எண்ணி முடிக்கும்வரை சொல்லிவிடாதீர்கள்.