கொள்கலனும் உட்கருவும்

கணினித் துறையிற் புகும் மாணவர் 'டொக்கர்' என்னும் பெயரைக் கேளாதிருத்தல் அரிது. 2013ஆம் ஆண்டில் வெளியான இஃது, ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைநிரல்களையும் ஒரே கொள்கலனில் அடைத்து இயக்குவது. ஆயின் கொள்கலன் தன்னுடன் கொண்டு செல்லாத பொருளொன்று உண்டு. அதுவே இயங்குதளத்தின் உட்கருவாகிய 'கேர்னல்'. அதனைக் கொள்கலன் தான் தங்கும் கணினியிடமே இரவல் பெறுகின்றது.

இவ்வுண்மையை நமக்கு நன்கு உணர்த்துவது ஜென்டூ லினக்ஸ். ஏனைய பல லினக்ஸ் வகைகள் சமைத்த உணவை அளிப்பன. ஜென்டூவோ அரிசியையும் காய்கறியையும் தந்து நம்மையே சமைக்கச் சொல்வது. 2023 டிசெம்பர் முதல் ஆயத்தப் பொதிகளும் தருகின்றதெனினும், அதன் இயல்பு அதுவே. 'எமேர்ஜ்' என்று கட்டளையிட, டொக்கரின் மூலநிரல் இறங்கி நம் கணினியிலேயே தொகுக்கப்படும்.

அத்துடன் வேலை முடிந்ததெனக் கருதுதல் தவறு. உட்கருவை நாமே தெரிந்தமைத்திருப்பின், கொள்கலன்களைத் தனியுலகங்களாகப் பிரிக்கும் 'நேம்ஸ்பேஸ்', நினைவகம் முதலிய வளங்களை அளந்து கொடுக்கும் 'சிகுரூப்', கோப்புகளை அடுக்கடுக்காய்ச் சேர்க்கும் 'ஓவர்லே' ஆகியன விடுபட்டிருத்தல் கூடும். எமேர்ஜ் இக்குறைகளை எச்சரிக்கையாகத் திரையிற் காட்டும். ஆயினும் பணியை நிறுத்தாது. ஆதலின் அவசரத்தில் அதனைப் படியாது விட்டோர், டொக்கர் தொடங்காதபோது திகைப்பர். விடுபட்டவற்றைச் சேர்த்து, உட்கருவை மீளத் தொகுத்து, கணினியை மறுபடி தொடக்குதலே பரிகாரம்.

இன்னுமொன்று: ஒருவரை 'டொக்கர்' பயனர் குழுவிற் சேர்த்தல், கணினி முழுவதன் திறவுகோலையும் அவர் கையிற் கொடுத்தலுக்கு ஒப்பாகும். இரவல் கொடுக்கும் வீட்டின் கதவை நாமே காத்தல் வேண்டும்.