‘கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு’ன்னு சொன்னா அதுவும் ஸ்பாய்லர்தான்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் புதுப் புத்தகம் எதுவும் இல்ல. த்ரில்லர், ஹாரர் நாவல்களை நான் எப்படி ரிவ்யூ பண்றேன், எங்க சறுக்கினேன், அதைப் பத்திதான் பேசப்போறேன். ரெண்டு மெயில் வந்தது. அதுதான் காரணம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ஸ்டீபன் கிங்கோட ‘பெட் செமட்டரி’ நாவல்ல நடக்கிற முக்கியமான ஒரு விஷயத்தை இன்னைக்கு உடைச்சுப் பேசுவேன். ஒரு குழந்தையோட மரணம் பத்தின பேச்சு வரும். இப்போ கேட்க வேண்டாம்னு தோணினா இங்கேயே நிறுத்திக்கலாம், ஒண்ணும் தப்பில்ல. மத்த புத்தகங்களோட முடிவு எதையும் சொல்லமாட்டேன்.

முதல் மெயில். போன வருஷம் ஒரு சைக்கலாஜிக்கல் த்ரில்லர் பத்தி எபிசோட் போட்டோம். கதைக்குள்ளயே போகாம ரொம்ப ஜாக்கிரதையா பேசினேன். யார் யாரைக் கொன்னாங்கன்னு ஒரு வார்த்தை வாயிலிருந்து வரல. முடிக்கும்போது மட்டும் ஒரு உற்சாகத்துல, ‘கடைசி அம்பது பக்கத்துல ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க, சத்தியமா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது’ன்னு சொல்லிட்டேன். ஒரு தம்பி எழுதியிருந்தார்: ‘அண்ணா, நீங்க அப்படிச் சொன்னதாலதான் நூறாவது பக்கத்துலயே கண்டுபிடிச்சிட்டேன்.’

முதல்ல சிரிச்சேன். அப்புறம் யோசிச்சா, அவர் சொன்னது சரிதான். (எந்தப் புத்தகம்னு கேட்காதீங்க. பேரைச் சொன்னா அதே தப்பை ரெண்டாவது தடவை பண்ணின மாதிரி ஆயிடும்.)

என்ன நடக்குதுன்னு பாருங்க. யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னா, சந்தேகம் வரவே வராத ஆள்தான் காரணமா இருக்கணும். கதையில அப்படி எத்தனை பேர் இருப்பாங்க? ரெண்டு, மூணு. அவ்வளவுதான், முடிஞ்சுது. அதைவிட மோசமான விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த வகை நாவல்கள்ல நிறைய ‘நான்’னு ஒருத்தர் தன் கதையைச் சொல்ற மாதிரி எழுதப்பட்டவை. நாம அவரை நம்பணும். அந்த நம்பிக்கையை வெச்சுத்தான் எழுத்தாளர் விளையாடுறார். ட்விஸ்ட் இருக்குன்னு காதுல விழுந்த வாசகர் முதல் பக்கத்துல இருந்தே போலீஸ் மாதிரி படிக்க ஆரம்பிச்சிடறார். ‘ஏன் மழை பெய்யுதுன்னு எழுதியிருக்கான்? ஏன் கத்தியைப் பத்தி ஒரு வரி வருது?’ அப்படிப் படிச்சா எந்தப் புத்தகமும் தாங்காது.

லண்டன்ல 1952-லிருந்து அகதா கிறிஸ்டியோட ‘தி மவுஸ்டிராப்’ நாடகம் நடந்துட்டு வருது. ஒவ்வொரு காட்சி முடிஞ்சதும் ‘கொலைகாரர் யாருன்னு வெளியில சொல்லிடாதீங்க’ன்னு பார்வையாளர்கள்கிட்ட கேட்டுக்குவாங்க. ‘சைக்கோ’ படம் 1960-ல வந்தப்போ, படம் ஆரம்பிச்ச பிறகு யாரையும் தியேட்டருக்குள்ள விடக் கூடாதுன்னு ஹிட்ச்காக் கறாரா சொன்னார். ரகசியம் காக்கிறது இந்த வகைக் கதைகளோட பழைய மரபு. அதனால ரிவ்யூ பண்ற நாங்களும் வாயை மூடிக்கிறது மட்டும்தான் எங்க வேலைன்னு நினைச்சுட்டோம்.

ரெண்டாவது மெயில்தான் அந்த நினைப்பை உடைச்சது.

‘பெட் செமட்டரி’ பத்தி ரொம்ப நாளுக்கு முன்னாடி ஒரு எபிசோட் போட்டிருந்தோம். அதுல நான் சொன்னது இவ்வளவுதான்: ஒரு டாக்டர் குடும்பத்தோட சிகாகோவிலிருந்து மெயின் மாநிலத்துல ஒரு சின்ன ஊருக்குக் குடிவர்றார். வீட்டுக்குப் பின்னாடி காட்டுப் பாதை. அங்க குழந்தைங்க செல்லப்பிராணிகளைப் புதைக்கிற ஒரு இடம். அதுக்கும் அப்பால இன்னொரு இடம். ராத்திரியில படிக்காதீங்க, நன்றி வணக்கம்.

அதைக் கேட்டு ஒருத்தங்க புத்தகத்தை வாங்கிப் படிச்சிருக்காங்க. அவங்களோட தம்பி ஸ்கூல் படிக்கும்போது ரோடு விபத்துல இறந்துபோனவர். நாவலோட பாதியில, அந்த டாக்டரோட சின்னப் பையன் கேஜ், வீட்டு முன்னாடி இருக்கிற ரோட்டுல லாரி அடிச்சு இறந்துபோறான். அவங்க புத்தகத்தை அதோட மூடிட்டாங்க. மெயில்ல கோபமே இல்ல. கடைசி வரி மட்டும், ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணா.’ (அவங்க அனுமதியோடதான் இதைச் சொல்றேன்.)

நான் உடனே பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன். ‘ஸ்பாய்லர் ஆயிடுமேன்னுதான்...’ன்னு. அனுப்பல. சரி, நிஜமாவே அது ஸ்பாய்லரான்னு பார்க்கலாம்னு புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன்.

அதுல ஒரு காட்சி. அப்பாவும் பையனும் வயல்வெளியில பட்டம் விடறாங்க. குழந்தை முதல் தடவையா பட்டத்தைப் பார்க்குது, சந்தோஷம் தாங்கல. நாவல்லயே வெளிச்சமான இடம் அதுதான். அந்த இடத்துல கிங், போற போக்குல, இந்தக் குழந்தை இன்னும் ரெண்டு மாசம்கூட உயிரோட இருக்கப்போறதில்லன்னு எழுதிடறார். நான் ஸ்பாய்லர்னு பொத்திப் பொத்தி வெச்சதை எழுத்தாளரே நமக்கு முன்கூட்டியே சொல்லிட்டார்! முதல் தடவை படிக்கும்போது இது என் கண்ணுல பட்டிருக்கு, ஆனா அதோட அர்த்தம் புரியல.

ஏன் சொல்றார்? ஹிட்ச்காக், ட்ரூஃபோவுக்குக் கொடுத்த பேட்டியில ஒரு உதாரணம் சொல்லுவார். ரெண்டு பேர் மேசையில உட்கார்ந்து சும்மா பேசிட்டு இருக்காங்க. திடீர்னு மேசைக்கு அடியில குண்டு வெடிக்குது. பார்க்கிறவங்களுக்குப் பதினஞ்சு செகண்ட் அதிர்ச்சி. அதே காட்சியில, குண்டு இருக்கிறது நமக்கு முன்னாடியே தெரியும், அந்த ரெண்டு பேருக்குத் தெரியாதுன்னு வெச்சுக்கோங்க. இப்போ அதே வெட்டிப்பேச்சு பதினஞ்சு நிமிஷத்துக்கு நம்மளை நாற்காலி நுனியில உட்கார வைக்கும். கேஜோட பட்டம் அந்த மேசைப்பேச்சு மாதிரிதான். அதுக்கு அப்புறம் அந்தக் குழந்தை சிரிக்கிற, தூங்குற, ஓடுற எந்தப் பக்கத்தையும் நாம நிம்மதியா படிக்க முடியாது.

கிங் இதை எங்கிருந்து எடுத்தார்னும் சொல்லணும். அவர் மெயின் பல்கலைக்கழகத்துல பாடம் எடுத்த சமயத்துல, லாரிங்க பறக்கிற ஒரு ரோட்டோரம் குடியிருந்தார். அவரோட பொண்ணு வளர்த்த பூனை அந்த ரோட்டுல அடிபட்டுச் செத்துது. அவரோட சின்னப் பையனும் ஒருநாள் அதே ரோட்டைப் பார்த்து ஓடினான், நல்லவேளை, பிழைச்சான். ‘ஒருவேளை பிழைக்காம இருந்திருந்தா?’ங்கிறதுதான் நாவல். எழுதி முடிச்சிட்டு, ரொம்ப தூரம் போயிட்டோம்னு மேசை டிராயர்ல போட்டு வெச்சுட்டார். பதிப்பகத்தோட இருந்த ஒப்பந்தத்தை முடிக்கிறதுக்காகத்தான் 1983-ல அது வெளிய வந்தது. தன் புத்தகங்கள்லயே தன்னை ரொம்பப் பயமுறுத்தினது இதுதான்னு அவரே எழுதியிருக்கார்.

அப்போ இந்தப் புத்தகம் எதைப் பத்தினது? பேய், சுடுகாடு எல்லாம் சும்மா. ஒரு அப்பாவுக்குப் பிள்ளை போனதை ஏத்துக்க முடியல, அதைப் பத்தினது. இதை நான் அன்னைக்கே சொல்லியிருந்தா யாருக்கும் எதுவும் கெட்டிருக்காது. பயம் இன்னும் கூடியிருக்கும். அந்த அக்காவுக்கும் முடிவெடுக்க ஒரு வாய்ப்பு கிடைச்சிருக்கும்.

இங்கதான் நான் ரெண்டு வகையைக் குழப்பிக்கிட்டேன்னு புரிஞ்சுது. சில நாவல்கள் நமக்குத் தெரியாததை வெச்சு ஓடும். அதுல ட்விஸ்ட்டை மட்டும் இல்ல, ட்விஸ்ட் இருக்குங்கிறதையே சொல்லக் கூடாது. சில நாவல்கள் நமக்குத் தெரிஞ்சதை வெச்சே பயமுறுத்தும். அங்க எதைப் பத்தின பயம்னு சொல்லாம விட்டா, ரிவ்யூன்னு ஒண்ணுமே சொல்லலன்னு அர்த்தம். நான் முதல் வகையில வாயை விட்டேன், ரெண்டாவது வகையில வாயை மூடிக்கிட்டேன். நல்ல சாமர்த்தியம்.

ஸ்பாய்லரே ஒரு பெரிய விஷயம் இல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. 2011-ல சான் டியேகோவுல இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள், முடிவை முன்னாடியே சொல்லிச் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தாங்க. அப்படிப் படிச்சவங்க கதையைக் கொஞ்சம் கூடுதலாவே ரசிச்சாங்கன்னு முடிவு வந்தது. பின்னாடி வேற ஆய்வாளர்கள் செஞ்சு பார்த்தப்போ நேரெதிரா வந்தது. என் சந்தேகம், கதைக்குக் கதை இது மாறும்ங்கிறதுதான். எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டினா எப்படி?

ரெண்டாவது வகைக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் ஷெர்லி ஜாக்சனோட ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’. 1959-ல வந்தது. ஒரு ப்ரொஃபசர் அமானுஷ்யத்தை ஆராய்ச்சி பண்ண ஒரு பழைய பங்களாவுக்குச் சில பேரைக் கூப்பிடறார். இதை மட்டும் சொன்னா நூறு படம் ஞாபகம் வரும், தூக்கமும் வரும். ஆனா எலனோர்னு ஒரு பொண்ணு, வயசு 32. 11 வருஷம் படுத்த படுக்கையா இருந்த அம்மாவைப் பார்த்துக்கிட்டே இளமை போயிடுச்சு. அம்மா இறந்தாச்சு. இப்போ அக்கா வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கா. கார் வாங்கினதுல பாதிக் காசு இவளோடது, ஆனா அக்காவும் அத்தானும் சாவியைத் தரமாட்டாங்க. ஒருநாள் சொல்லாம அந்தக் காரை எடுத்துட்டுக் கிளம்பறா. வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தர் அவளை எங்கயோ கூப்பிட்டிருக்கார், அது பேய் பங்களாவா இருந்தா என்ன!

இப்போ கேளுங்க. அந்த வீட்டுல ராத்திரி கதவு தட்டுற சத்தம். பாதித் தூக்கத்துல இருக்கிற எலனோர், அம்மா சுவரைத் தட்டிக் கூப்பிடறாங்கன்னு நினைச்சு, ‘வர்றேம்மா’ங்கிற மாதிரி எழுந்திருக்கிறா. எனக்கு முதுகு சில்லிட்டது இந்த இடத்துலதான். அது பேயாங்கிறதை விட, அவ காது எதைக் கேட்டுப் பழகியிருக்குங்கிறது பயமா இருந்தது. வீடு அவளைப் பிடிக்குதா, அவ மனசு வீட்டைப் பிடிச்சுக்குதா, கடைசி வரைக்கும் இழுபறிதான். ஹென்றி ஜேம்ஸ் 1898-லயே ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’வுல இதைத்தான் பண்ணினார். சுஜாதாவோட ‘கொலையுதிர் காலம்’ படிச்சவங்களுக்கும் பேயா, விஞ்ஞானமாங்கிற இந்த இழுபறி புதுசு இல்ல.

இப்போ நான் சொன்னதுல எதுவும் கெடல, இல்லையா? வீடு எதைப் பிடிச்சு உலுக்குதுன்னு மட்டும்தான் சொன்னேன்.

அதனால இப்போ கொஞ்சம் மாத்திப் படிக்கிறேன். பயந்தேனா இல்லையாங்கிறதுக்கு மார்க் போடறதை விட்டாச்சு. மதியம் ஆலந்தூர் மெட்ரோவுல நின்னுக்கிட்டே படிச்ச பக்கத்தையும், ரூம்மேட் ஊருக்குப் போன ராத்திரி தனியா படிச்ச பக்கத்தையும் ஒரே தராசுல வைக்க முடியாது. பதிலா, புத்தகத்தை எங்க கீழ வெச்சேன், ஏன் வெச்சேன்னு ஓரத்துல பென்சில்ல குறிச்சுக்கிறேன். முடிச்ச உடனே முதல் அம்பது பக்கத்தைத் திரும்பப் படிப்பேன். அங்கதான் எழுத்தாளர் நியாயமா ஆடினாரான்னு தெரியும். துப்பு எல்லாம் நம்ம கண்ணு முன்னாடியே இருந்து நாமதான் கவனிக்காம விட்டோம்னா, அது திறமை. கடைசியில புதுசா ஒரு இரட்டைப் பிறவியைக் கொண்டுவந்து நிறுத்தினா, அது ஏமாத்து வேலை. ‘இது நியாயமா ஆடுது’ன்னு நான் சொன்னா, ட்விஸ்ட் பத்திச் சொன்ன மாதிரிதானேன்னு நம்ம எடிட்டர் கேட்கிறார். ஆமா. அதனால அதையும் சொல்லமாட்டேன், புத்தகத்தைப் பரிந்துரைக்கிறேனா இல்லையாங்கிறதுல அது அடங்கிடும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கல. ‘எல்லாம் அவனுக்கு மனசு சரியில்லாததால’ன்னு முடியற நாவல்கள். மனநோய்னா கொலைவெறின்னு காட்டுற சோம்பேறித்தனத்தைக் கண்டிப்பா சொல்லணும். சொன்னா முடிவு தெரிஞ்சிடும். இப்போதைக்கு அந்த மாதிரிப் புத்தகங்களை எபிசோடுக்கே எடுக்கிறதில்ல. இது தப்பிக்கிற வழின்னு எனக்கே தெரியும்.

‘பெட் செமட்டரி’ எபிசோடோட ஆரம்பத்துல இப்போ ஒரு குழந்தையோட மரணம் வரும்னு ஒரு வரி சேர்த்திருக்கோம். அந்த அக்காவுக்கும் பதில் போட்டேன். அந்தப் புத்தகத்தைத் திரும்பத் தொடப்போறதில்லன்னு சொன்னாங்க. வேற ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டாங்க. ஷெர்லி ஜாக்சனோட ‘வி ஹேவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் தி காசில்’ சொல்லலாம்னு தோணிச்சு, 1962-ல வந்த நாவல், ரெண்டு சகோதரிகளோட கதை. டைப் பண்ணி அனுப்புற நேரத்துலதான் ஞாபகம் வந்தது. அந்தக் குடும்பத்துல விஷத்தால இறந்துபோனவங்கள்ல பத்து வயசுத் தம்பி ஒருத்தன் உண்டு. அதையும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.

ரெண்டு நாள் பதில் இல்ல. மூணாவது நாள் வந்தது: ‘நல்லவேளை சொன்னீங்க. நாற்பதாவது பக்கத்துல இருக்கேன்.’